ஒரே போத்தலில் டப்னியாவும் ரொட்டிபரும்: போட்டியைப் பரிசோதிக்கும் முறை

இனங்களுக்கிடையிலான போட்டி என்றதும் 1934இல் ரஷ்ய உயிரியலாளர் கோஸ் வெளியிட்ட, ஒரே கலத்தில் வளர்ந்த இரு பரமேசிய (ஒருகல உயிரி) இனங்களில் ஒன்று மற்றதை ஒழித்த பரிசோதனைதான் உயர்தர மாணவர்களின் நினைவுக்கு வரும். நுவரெலியா, ஹட்டன் பகுதிப் பாடசாலைகளில் அதே கேள்வியை நன்னீர் விலங்குப் பிளாந்தன்களை, அதாவது நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகளைக் கொண்டு ஆராயலாம்: ஒன்று டப்னியா என்ற ஓடுள்ள நீர்த்தெள்ளு, மற்றது அதைவிடச் சிறிய ரொட்டிபர்.

மீன் வளர்ப்புக் கடையில் டப்னியா வாங்கலாம். ரொட்டிபருக்குப் பாசி படிந்த குளத்து நீரை எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்துக் குழாயியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். தலையில் சக்கரம் சுழல்வது போன்ற தோற்றமே அதன் அடையாளம். சைக்கிளொப்ஸ் என்ற சிறு நீர்விலங்கு ரொட்டிபரைத் தின்னும் என்பதால் அதில் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. குழாய் நீரில் குளோரீன் இருக்கும். பீலித் தண்ணீர் நல்லது, ஆனால் மலைநாட்டு நீரில் கல்சியம் குறைவாக இருப்பதால், ஓட்டுக்குக் கல்சியம் தேவைப்படும் டப்னியாவுக்காகச் சிறிது முட்டையோட்டுத் தூள் சேர்ப்பது உதவும்.

ஒரே அளவான ஒன்பது ஜாம் போத்தல்களில் மூன்றில் ரொட்டிபர் மட்டும், மூன்றில் டப்னியா மட்டும், மூன்றில் இரண்டும் விடுங்கள். தனித்தனிப் போத்தல்கள் இல்லாவிட்டால், ரொட்டிபர் குறைந்தது போட்டியாலா நீர் கெட்டதாலா என்று சொல்லவே முடியாது. உணவாகப் பச்சைப் பாசி நீரை எல்லாவற்றுக்கும் சம அளவில், குறைவாகவே ஊற்றுங்கள். உணவு தாராளமாக இருந்தால் போட்டி வெளித்தெரியாது. மதுவம் நீரைக் கெடுத்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கலப்புப் போத்தலில் ரொட்டிபர் அருகுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: டப்னியா பாசியை முன்னதாகவே வடித்துத் தின்றுவிடுகிறது, உடல் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டிய பெரிய டப்னியாவோ, உணவுக்காக இழுக்கும் நீரோட்டத்தில் ரொட்டிபரையும் உள்ளிழுத்துக் காயப்படுத்துகிறது. இவற்றைப் பிரித்தறிய, இரு கடிகாரக் கண்ணாடிகளில் பத்துப் பத்து ரொட்டிபர்களை விட்டு, ஒன்றுக்கு டப்னியா மேய்ந்த நீரை மெல்லிய துணியில் வடித்தும், மற்றதற்குப் புதிய பாசி நீரையும் நாள்தோறும் மாற்றுங்கள். மேய்ந்த நீரிலும் எண்ணிக்கை குறைந்தால் உணவுப் பற்றாக்குறையே போதிய காரணம். அதில் குறையாமல் கலப்புப் போத்தலில் மட்டும் குறைந்தால் காயத்தைச் சந்தேகிக்கலாம்.

மலைநாட்டுக் குளிரில் இனப்பெருக்கம் மெதுவாகவே நடக்கும். மூன்று வாரமாவது பொறுத்து, இரு நாளுக்கொருமுறை போத்தலைக் கலக்கி, ஒரே கனவளவு நீரில் எண்ணிக் குறியுங்கள். வெயில் விழும் யன்னலோரம் வேண்டாம்.

போத்தலில் டப்னியா வென்றாலும், நீர்த்தேக்கத்திலும் அதுவே வெல்லும் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மீன்கள் பெரிய இனங்களையே தேடித் தின்பதால், மீனுள்ள நீரில் சிறியவை பெருகுவதை 1965இல் புரூக்ஸ், டொட்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டினர். முடிந்தபின், கடையில் வாங்கிய உயிரிகள் ஓடையில் சேராதபடி நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள்.