கடற்கரை ஊர் புள்ளைங்களுக்கு தமிழும் இங்கிலீஷும் சேத்து சொல்லிக்கொடுக்குறது எப்படி

ஒன்னாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் பாடம் எடுக்குற டீச்சர், சார்மாருக்கும், சாயங்காலம் தெருப்புள்ளைங்கள திண்ணையில உக்கார வெச்சு சொல்லிக்கொடுக்குற அக்காமாருக்கும்தான் இத எழுதுறேன். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடி, வாலிநோக்கம்னு நம்ம ராமநாதபுரம் கரையில எந்த ஊரா இருந்தாலும் செய்யலாம், பெருசா செலவு கிடையாது. ஒன்னே ஒன்ன மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. புது விஷயத்தையும் புது பாஷையையும் ஒரே நேரத்துல புள்ளை தலையில ஏத்தாதீங்க. விஷயம் புதுசா இருந்தா பாஷை அது வீட்டுல பேசுற தமிழா இருக்கட்டும், இங்கிலீஷ் புதுசா இருந்தா விஷயம் அதுக்கு ஏற்கனவே நல்லா தெரிஞ்சதா இருக்கட்டும். தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமாங்கிற சண்டைய விட இதுதான் முக்கியம்னு நான் நம்புறேன், ஏன்னா ரெண்டு மீடியத்துலயும் புரியாம மனப்பாடம் பண்ற புள்ளைங்க நிறைய இருக்காங்க.

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் புத்தகத்த எடுக்காதீங்க, புள்ளைக்கு என்னென்ன பேச்சு தெரியும்னு மொதல்ல பாருங்க. இங்க ஒன்னாவது சேர வர்ற புள்ளை ஒன்னும் தெரியாம வர்றதில்ல. வீட்டுத் தமிழ் இருக்கு, அதுலயே கீழக்கரை புள்ளை பேசுறது வேற, தங்கச்சிமடத்துப் புள்ளை பேசுறது வேற. ஓதப் போற புள்ளைன்னா அலிஃப் பேன்னு அரபி எழுத்து தெரியும், வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா வாசிக்கிறதும் அதுக்குப் பழக்கம். அப்பா போட்டுக்குப் போறவருன்னா டீசல், இன்ஜின், ஜிபிஎஸ், ஐஸ் பாக்ஸ், லைஃப் ஜாக்கெட்டுன்னு இங்கிலீஷ் வார்த்தை வாயில சரளமா வரும், அது இங்கிலீஷுன்னே அதுக்குத் தெரியாது. அதையெல்லாம் புள்ளைங்க வாயாலயே சொல்ல வெச்சு ஒரு சார்ட்டுல எழுதி சுவத்துல ஒட்டுங்க, இங்கிலீஷ்ல அவங்க வாசிக்கிற மொத வார்த்தைங்க அதுவா இருக்கட்டும், ஆப்பிள் அப்புறமா வரட்டும்.

புள்ளை பேசுற பேச்ச திருத்தாதீங்க. அங்குட்டு இங்குட்டு, முங்கிருச்சு, கெடக்குன்னு பேசினா பேசட்டும், நீங்க பதில் சொல்றப்ப புத்தகத் தமிழயும் கலந்து பேசுங்க, காது தானா பிடிச்சுக்கும். பேசுறதுக்கெல்லாம் திட்டு விழுந்தா வாய மூடிக்கிற புள்ளைதான் மிஞ்சும், வாய மூடின புள்ளைக்கு எந்த பாஷையும் வராது.

அடுத்தது நிறைய பேரு நல்லதுன்னு நெனச்சு செய்யுற ஒரு பழக்கம். இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லி உடனே தமிழ்ல ஒரு வரி சொல்றது, பாடம் முழுக்க இப்படியே போகுறது. இதுல என்ன ஆகும்னா புள்ளை இங்கிலீஷ் வரிய காதுலயே வாங்காது, எப்படியும் தமிழ்ல வரும்னு காத்துக்கிட்டு இருக்கும். அதுனால நேரத்த பிரிச்சுக்கங்க. விஷயம் புரிய வைக்கிற நேரம் முழுசா தமிழ், அது முடிஞ்சப்புறம் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் முழுசா இங்கிலீஷ், அந்த நேரத்துல கை, கண்ணு, படம், சாமான் இத வெச்சே பேசுங்க, தமிழுக்குப் போகாதீங்க. ஆனா புள்ளை தமிழ்ல பதில் சொன்னா ஏத்துக்கங்க, நீங்க கேட்டது அதுக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த பதிலயே நீங்க இங்கிலீஷ்ல சின்னதா ஒரு தடவை சொல்லிட்டு மேல போங்க.

மிதக்கும் முங்கும் பாடத்த எடுத்துக்குவோம். ஒரு அகலமான வாளியில தண்ணி. கரைக்குப் போயி பொறுக்கிட்டு வந்த சாமான் ஒரு பத்து: காஞ்ச பனங்கொட்டை, வலையில கட்டுற மிதவை, ஈயக்குண்டு, அறுந்த கயிறு, சிப்பி, கணவாய் மீனோட ஓடு, ஒரு ரப்பர் செருப்பு. பவளக்கல்ல மட்டும் எடுக்காதீங்க, கரையில ஒதுங்கிக் கெடந்தாலும் எடுக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அது வருது, அதையும் ஏன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. இப்ப ஒவ்வொன்னா கையில குடுத்து எட போட்டுப் பாக்கச் சொல்லி, போட்டா என்ன ஆகும்னு கேளுங்க. கணவாய் ஓட்டுல பேச்சு வந்து நிக்கும். ஒருத்தன் "கல்லு மாதிரி இருக்கு டீச்சர், முங்கிரும்"பான், இன்னொருத்தி "முங்காது, எங்க ஐயா கடல்ல மெதந்து வர்றத காட்டிருக்காரு"ம்பா. சண்டை போடட்டும், அவசரப்பட்டு போட்டுக் காட்டாதீங்க, ஏன் அப்படி நெனைக்கிறேன்னு ஒவ்வொருத்தரும் சொன்னப்புறம் போடுங்க. மிதக்கும். உடனே ஒடச்சுப் பாருங்க, உள்ள மெல்லிசு மெல்லிசா அடுக்கு இருக்கும், அந்த இடுக்கு பூரா காத்து இருக்குறதாலதான் மிதக்குது, உயிரோட இருக்குறப்ப கணவாய் அத வெச்சுத்தான் தண்ணியில மேலயும் கீழயும் நிக்குது. இதெல்லாம் தமிழ்ல. ஒருத்தனுக்காவது அப்ப படகு ஏன் மிதக்குதுன்னு கேக்கத் தோணும், அது அடுத்த நாள் பாடம்.

மறுநாள் அதே வாளி, அதே சாமான், இப்ப பேச்சு மட்டும் இங்கிலீஷ். ரெண்டே ரெண்டு வாக்கியம் போதும், இட் ஃப்ளோட்ஸ், இட் சிங்க்ஸ். மூணாவதுல இருந்து ஐ திங்க் இட் வில் ஃப்ளோட்னு இன்னொன்ன சேத்துக்கங்க, நாலாவது அஞ்சாவதுக்கு பிகாஸ் சேத்துக்கங்க. விஷயம் நேத்தே புரிஞ்சிருச்சுங்கிறதால புள்ளையோட கவனம் பூரா வார்த்தையில இருக்கும், பயப்படாம வாய தொறக்கும். கடைசியில ஒரு பேப்பர மடிச்சு ஒரு பக்கம் மிதக்குறது இன்னொரு பக்கம் முங்குறது, படம் வரைஞ்சு கீழ தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேரு எழுதச் சொல்லுங்க. ராமேஸ்வரத்துல அப்துல் கலாம் சின்ன வயசுல படிச்சப்ப, பறவை எப்படி பறக்குதுன்னு போர்டுல வரைஞ்சு காட்டினது புரியலைன்னதும் சிவசுப்பிரமணிய ஐயர்ங்கிற வாத்தியாரு புள்ளைங்கள கடக்கரைக்கே கூட்டிட்டுப் போயி பறக்குற பறவைய காட்டினாருன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்தக் கரை இன்னும் நம்மகிட்டதான இருக்கு.

எழுத்துக்கு வருவோம், இங்கதான் புள்ளைங்க ரொம்ப கஷ்டப்படுறாங்க. தமிழ்ல 247 எழுத்து, பாக்க மலைப்பா இருக்கும், ஆனா 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், அந்த உயிரும் மெய்யும் சேர்ற விதம் பிடிபட்டா மீதி 216ம் தானா வரும். இங்கிலீஷ்ல 26தான், ஆனா சத்தம் நாப்பதுக்கு மேல இருக்கு. அதனால தமிழ் வாசிப்பு சரளமாகுற வரைக்கும் இங்கிலீஷ்ல பேச்சு, பாட்டு, கதை கேக்குறதுக்கு நிறைய நேரம் குடுங்க, எழுத்துக்கு கொஞ்சமா குடுங்க. சத்தத்த பிரிச்சு எழுத்தாக்குற சூட்சுமத்த தமிழ்ல ஒரு தடவை பிடிச்ச புள்ளைக்கு இங்கிலீஷ்ல அத மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

இங்கிலீஷ்ல P, B எழுத்துக் குழப்பம் நம்ம புள்ளைங்களுக்கு வர்றது இயல்பு, தமிழ்ல ரெண்டு சத்தத்துக்கும் ஒரே ப தான். இதுக்கு ஊர் பேர் போர்டு போதும். பாம்பன்னு மெதுவா சொல்லச் சொல்லுங்க, மொத பா ஒரு மாதிரி, ம்ப்புக்கு அப்புறம் வர்ற ப வேற மாதிரி, ரெண்டையும் புள்ளை சரியாத்தான் சொல்லும், ரெண்டு சத்தம்னு அதுக்குத் தெரியாது அவ்வளவுதான். காதுல கேக்க வெச்சுட்டு ஸ்டேஷன் போர்டுல இருக்குற இங்கிலீஷ் எழுத்த காட்டுங்க, ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி எழுத்து போட்டிருக்கும். மண்டபத்துல ட, தங்கச்சிமடத்துல க, இதே மாதிரி பஸ் போர்டு, கடை போர்டுன்னு தெரு முழுக்க ரெண்டு பாஷையிலயும் எழுதிக் கெடக்கு, வாரத்துக்கு ஒரு நாள் புள்ளைங்கள வரிசையா கூட்டிட்டுப் போயி வாசிக்க வைங்க.

கணக்குல பத்து, ஒன்னு இடமதிப்ப தமிழ்லயே உறுதியாக்கிடுங்க. பதினொன்னு, பதிமூணு, இருபத்தி மூணுன்னு சொல்றப்பவே பத்தும் ஒன்னும் தனித்தனியா காதுல விழுது, இங்கிலீஷ்ல லெவன், ட்வெல்வ்ல அது விழாது. தமிழ்லயும் தொண்ணூறு, தொள்ளாயிரம் மட்டும் அந்த வரிசைக்கு அடங்காது, அந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லிக்குடுங்க. ஈர்க்குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டு கட்டிக்கிட்டா வேற எந்த சாமானும் வேணாம். ஏலக் கணக்கு, கிலோ கணக்கு எல்லாம் புள்ளைங்க வாய்க்கணக்கா போடுவாங்க, அத நோட்டுல எழுதக் காட்டுறதுதான் நம்ம வேலை.

திசைக்கு காத்து இருக்கு. கொண்டல் கிழக்க இருந்து, கச்சான் மேக்க இருந்து, வாடை வடக்க இருந்து. உங்க ஊர்ல கடல் எந்தப் பக்கம்னு பாத்துக்கங்க, தொண்டியில கிழக்க, கீழக்கரையில தெக்க, பாம்பன்ல வடகடலும் இருக்கு தென்கடலும் இருக்கு. முற்றத்துல நிக்க வெச்சு காத்து வர்ற பக்கம் மூஞ்சிய திருப்பச் சொல்லி தமிழ்ல விளையாடிட்டு அப்புறம் அதே விளையாட்ட ஈஸ்ட், வெஸ்ட்னு விளையாடலாம்.

பாடத்த மட்டும் பாத்தா பத்தாது, புள்ளைய முழுசா பாக்கணும். அப்பா நடுராத்திரி கடலுக்குக் கெளம்புற வீட்டுல புள்ளைக்கும் தூக்கம் கலையும், காலையில கண்ணு சொருகும், அத சோம்பேறின்னு எழுதிடாதீங்க, ஒரு அரைமணி நேரம் படுக்க விடுங்க, அப்புறம் படிக்கும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளியிலயும் இருக்கு, சாப்பிட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டே கிளாஸ ஆரம்பிங்க. அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போற நாள்ல மூத்த புள்ளை தம்பிய பாக்குறதுக்காக லீவு போடும், முடிஞ்சா தம்பியயும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, மூலையில ஒரு பாய் போதும். இன்னொன்னு, எழுதவே மனசு கனக்குது. கடலுக்குப் போன அப்பாவ இலங்கை நேவி பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு சேதி வந்த வீட்டுப் புள்ளை மறுநாள் கிளாஸ்ல உக்காந்திருக்கும். அன்னைக்கு அதுகிட்ட இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கேக்காதீங்க. பயத்தையும் அழுகையையும் வீட்டுப் பேச்சுலதான் சொல்ல முடியும், பேசலன்னா ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் குடுத்துட்டு பக்கத்துல உக்காருங்க.

அம்மா அப்பாகிட்ட பேசுறது தனி வேலை. எங்க புள்ளை இங்கிலீஷ் பேசணும்னு அவங்க கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல, கடல் கஷ்டம் புள்ளைக்கு வேணாம்னு நெனச்சுத்தான் கேக்குறாங்க, மதிச்சு பதில் சொல்லுங்க. ஜிம் கம்மின்ஸ்னு கனடாவுல ஒரு ஆராய்ச்சியாளர், ரெண்டாவது பாஷைய சாதாரணமா பேசிப் பழக ரெண்டு வருஷம் போல ஆகும், ஆனா அதுல பாடத்தையே புரிஞ்சு படிக்க அஞ்சுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஆகும்னு சொல்லியிருக்காரு. அதுவும் வெளியில எல்லாரும் இங்கிலீஷ் பேசுற நாட்டுல. இத எடுத்துச் சொல்லி, நடுவுல தமிழ விட்டுட்டா இந்த அஞ்சு வருஷமும் புள்ளை ஒன்னும் புரியாம உக்காந்திருக்கும்னு விளக்குங்க. இங்கிலீஷ் தெரியாத வீட்டுக்கு இங்கிலீஷ் ஹோம்வொர்க் குடுத்தனுப்பாதீங்க, அம்மா கூனிப்போயிடுவாங்க. பதிலுக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ்ல கேட்ட கதைய அப்பத்தாகிட்டயோ உம்மாகிட்டயோ தமிழ்ல சொல்லிட்டு வரச் சொல்லுங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகுக்குப் போற அப்பாமார் வலை சரிபண்ணிக்கிட்டு கரையில இருப்பாங்க. ஸ்கூல் இருக்குற நாளா பாத்து ஒருத்தர கூப்பிட்டு வலை பின்னிக் காட்டச் சொல்லுங்க, ரெண்டு கையையும் விரிச்சு பாகம் அளக்குறத காட்டச் சொல்லுங்க, அப்புறம் புள்ளைங்க தங்களோட கை விரிப்பையும் ஒசரத்தையும் டேப்புல அளந்து பாக்கட்டும், ரெண்டும் ஏறக்குறைய ஒன்னா வரும். அப்பா கிளாஸுக்குள்ள வந்து பாடம் நடத்தினா அந்தப் புள்ளை அன்னைக்கு எப்படி நிமிந்து உக்காருதுன்னு பாருங்க.

உங்களுக்கே இங்கிலீஷ் உச்சரிப்புல தயக்கம் இருந்தா பாடப்புத்தகத்துல இருக்குற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா வீடியோ வரும், புள்ளைங்களோட சேந்து நீங்களும் கேளுங்க, சேந்து சொல்லுங்க.

புள்ளை எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்க பரீட்சைக்குக் காத்திருக்க வேணாம். எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு நிலை நிலையா பிரிச்சிருப்பீங்க, அதோட இதையும் சேத்துக்கங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு புள்ளையயும் தனியா கூப்பிட்டு, நடத்தின பாடத்துல ஒரே ஒரு கேள்விய மொதல்ல இங்கிலீஷ்ல கேளுங்க, பதில் வரலன்னா அதையே தமிழ்ல கேளுங்க. தமிழ்ல சொல்லிடுச்சுன்னா பாடம் புரிஞ்சிருக்கு, வார்த்தைதான் வேணும், அதே சாமான வெச்சு இங்கிலீஷ்ல இன்னும் ரெண்டு நாள் பேசினா வந்துடும். தமிழ்லயும் சொல்லலன்னா பாடமே ஏறல, அங்க இங்கிலீஷ நிறுத்திட்டு வாளியையும் சாமானையும் மறுபடி எடுக்கணும். இங்கிலீஷ்ல வரி மாறாம ஒப்பிச்சுட்டு தமிழ்ல கேட்டா முழிக்கிற புள்ளையும் இருக்கும், மார்க் நல்லா வர்றதால அதுதான் நம்ம கண்ணுக்குத் தப்பிடும், அந்தப் பேரத்தான் நோட்டுல மொதல்ல எழுதி வெச்சுக்கங்க.