வீட்லயே பிபி சரியா பாக்குறது எப்படி, சக்கரைக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் இப்ப நிறைய வீட்ல டிவி ஸ்டாண்டு மேல ஒரு பிபி மிஷின் இருக்கு, பக்கத்துலயே சுகர் பாக்குற மீட்டரும் இருக்கு. பசங்க வெளியூர்ல இருந்து வாங்கி அனுப்பிடுறாங்க. ஆனா பிபின்னா உப்ப குறைக்கணும், சுகர்னா சக்கரைய குறைக்கணும், அது வேற இது வேறன்னு தான் பெரும்பாலும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டும் கூட்டாளிங்க, ஒண்ணு வந்தா இன்னொண்ணுக்கு கதவ தொறந்து விட்ரும், அதனால ரெண்டையும் சேத்து தான் பாக்கணும்.

முதல்ல பிபி பாக்குற முறை. எங்க தெருவுல ஒரு அத்தை, ஹார்பர்ல மீன் வாங்கிட்டு வெயில்ல நடந்து வந்து, மூச்சு வாங்க உக்காந்து, நைட்டி கை மேலயே பட்டைய சுத்தி பட்டன அழுத்திட்டு, "வஞ்சிரம் என்ன வெல சொல்றான் தெரியுமாடி"ன்னு பேசிக்கிட்டே பாப்பாங்க. 158/94 காட்டும், பயந்துருவாங்க. அதே அத்தைய ஃபேன் காத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்கார வச்சுட்டு பாத்தா 138/84. மிஷின் மேல ஒண்ணும் தப்பில்ல.

பாக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி, டீ, சிகரெட், வேகமான நடை எதுவும் வேணாம். யூரின் வந்தா போய்ட்டு வந்துடுங்க, அடக்கிட்டு இருந்தாலே பிபி ஏறும். முதுகு சாயுற மாதிரி நாற்காலில உக்காந்து, ரெண்டு பாதமும் தரையில படணும், கால் மேல கால் போடக்கூடாது. கைய மேஜை மேல, நெஞ்சு உயரத்துக்கு வைங்க. பட்டை வெறும் கையில தான் சுத்தணும், முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல. கை பருமனா இருக்கறவங்க பெரிய சைஸ் பட்டை வாங்கணும், சின்ன பட்டைய இறுக்கி சுத்துனா இல்லாத பிபிய காட்டும். அஞ்சு நிமிஷம் அப்படியே அமைதியா இருந்துட்டு பட்டன அழுத்துங்க, பேச்சு கிடையாது, பக்கத்துல இருக்கறவங்களும் பேச்சு கொடுக்க கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவ பாத்து ரெண்டையும் ஒரு நோட்ல எழுதுங்க. காலைல மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்னாடி, அப்புறம் சாயந்தரம், இப்படி ஒரு வாரம். முதல் நாள் நம்பர விட்டுட்டு மீதிக்கு சராசரி போட்டா அதான் உங்க பிபி, ஒரே ஒரு தடவ பாத்தத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

வீட்ல பாக்குற சராசரி 135/85க்கு மேல இருந்தா டாக்டர பாக்கணும். ஆஸ்பத்திரில பாக்கும்போது கணக்கு 140/90. சுகரும் இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் 130/80க்கு கீழ கொண்டு வர பாப்பாங்க. மேல இருக்கற நம்பர் இதயம் சுருங்கி ரத்தத்த தள்ளும்போது உள்ள அழுத்தம், கீழ இருக்கறது அது ஓய்வா இருக்கும்போது உள்ளது, ரெண்டுல எது ஏறுனாலும் கவனிக்கணும். "எனக்கு தலசுத்தலே இல்ல, எனக்கு ஏது பிபி"ன்னு சொல்றவங்க தான் எனக்கு ரொம்ப கவலை, ஏன்னா பிபி பல வருஷம் எந்த அறிகுறியும் காட்டாது, அதுபாட்டுக்கு உள்ள கிட்னியயும் கண்ணயும் கெடுத்துட்டு இருக்கும்.

இப்ப சக்கரைக்கு வருவோம். ரத்தத்துல இருக்கற சக்கரைய உடம்புக்குள்ள அனுப்புறது கணையம் சுரக்குற இன்சுலின் தான். உடம்பு அந்த இன்சுலின் பேச்ச கேக்காம போனா, கணையம் இன்னும் இன்னும் இன்சுலின சுரக்கும், அந்த அதிகப்படி இன்சுலின் கிட்னில உப்ப வெளிய போக விடாம புடிச்சு வச்சுக்கும், உப்பு தங்குனா தண்ணி தங்கும், பிபி ஏறும். இது ஒரு வழி. இன்னொரு வழி, ரத்தத்துல சுகர் வருஷக்கணக்கா ஜாஸ்தியா இருந்தா ரத்தக்குழாய் விறைச்சு போயிடும், கிட்னில இருக்கற வடிகட்டிங்க பழுதாகும், பழுதான கிட்னி பிபிய இன்னும் ஏத்தும், ஏறுன பிபி மீதி இருக்கற கிட்னிய கெடுக்கும். இந்த சுத்துல மாட்டுனவங்க தான் பின்னாடி டயாலிசிஸ் வரைக்கும் போறாங்க.

அதனால பிபிக்கு மட்டும் மாத்திர சாப்புடுறவங்களும் சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க. வெறும் வயித்துல 126 அல்லது அதுக்கு மேல, இல்ல ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 6.5 அல்லது அதுக்கு மேல இருந்தா சுகர், டாக்டர் இன்னொரு தடவ எடுத்து உறுதி பண்ணுவாங்க. ஹெச்பிஏ1சி 5.7ல இருந்து 6.4 வரைக்கும் இருந்தா விளிம்புல நிக்கறீங்கன்னு அர்த்தம், அந்த கட்டத்துல சாப்பாடும் நடையும் நல்லாவே வேலை செய்யும்.

நம்ம மாவட்டம் கரும்பு வெளையுற மாவட்டம், நெல்லிக்குப்பத்துல சக்கர ஆலை வந்தே தலைமுறைக் கணக்கா ஆச்சு, இனிப்ப ஒரேயடியா விடுங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அதனால கணக்கு சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் சொல்றது, சுகர் இல்லாதவங்களே சேத்துக்குற சக்கர ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லது. ஒரு டீஸ்பூன் சக்கர சுமார் 4 கிராம். ரெண்டு ஸ்பூன் போட்ட டீ நாலு குடிச்சாலே 32 கிராம் போச்சு, பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் இன்னும் கணக்குலயே வரல. நாட்டுச்சக்கர, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவா இருந்தாலும் சுகர ஏத்தத்தான் செய்யும், அது நல்லதுன்னு கூட ரெண்டு ஸ்பூன் போட்டுக்குறது வேணாம். பண்ருட்டி பலா சீசன்ல சுகர்காரங்க ரெண்டு சுளையோட நிறுத்திட்டு அந்த வேளை சோத்த குறைச்சுக்கணும்.

உப்புக்கு ஒரு ஈஸியான வழி இருக்கு. பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள தான் உப்பு. நாலு பேருன்னா 20 கிராம், அப்ப ஒரு கிலோ பாக்கெட்டு குறைஞ்சது 50 நாள் வரணும். பாக்கெட்ட உடைக்கிற அன்னிக்கு அது மேலயே தேதிய எழுதுங்க, ஒரு மாசத்துலயே காலியாச்சுன்னா உங்க வீட்ல கை தாராளம்னு தெரிஞ்சுடும். கருவாடு, ஊறுகா, அப்பளம், வறுத்த முந்திரி, பேக்கரி ஐட்டம் இதுல இருக்கற உப்பு அந்த பாக்கெட்டுல சேராது, அது தனி. கருவாட்ட விட முடியலன்னா சுடுதண்ணில ஊறப்போட்டு மூணு நாலு தண்ணி மாத்தி அலசிட்டு, குழம்புக்கு தனியா உப்பு போடாம வைங்க, அதையும் எப்பயாவது தான். இந்துப்புலயும் சோடியம் தான் இருக்கு. கடைல விக்கிற சோடியம் குறைவான உப்புல பொட்டாசியம் இருக்கும், கிட்னி பிரச்சன உள்ளவங்க டாக்டர கேக்காம தொடாதீங்க.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம். பாண்டில பீச் ரோட்ல சாயந்தரம் வண்டி விட மாட்டாங்க, இங்க தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கு, ரெண்டும் தூரம்னா ராத்திரி சாப்ட்டுட்டு தெருவுலயே பத்து நிமிஷம் நடங்க, சாப்பிட்டதுக்கு அப்புறம் ஏறுற சுகருக்கு அது நல்லா கேக்கும்.

மாத்திர விஷயத்துல தயவுசெஞ்சு பிடிவாதம் வேணாம். பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு நிறுத்தாதீங்க, மாத்திர போடறதால தான் நார்மலா இருக்கு. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரைய வீட்டுக்கே வந்து தராங்க, பாண்டி பக்கம் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. முட்டி வலிக்கு மெடிக்கல்ல நீங்களா வாங்கி போடற டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திர பிபிய ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவ கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற யூரின் ஆல்புமின் டெஸ்ட், ரத்தத்துல கிரியாட்டினின் டெஸ்ட், கண்ணு பரிசோதனை மூணையும் கேட்டு எடுங்க.

திடீர்னு 180/120க்கு மேல போச்சுன்னா பதறாம அஞ்சு நிமிஷம் உக்காந்து மறுபடி பாருங்க. அப்பவும் குறையல ஆனா வேற தொந்தரவு எதுவும் இல்லன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, யாரோ சொன்னாங்கன்னு நாக்குக்கு அடில மாத்திர வைக்காதீங்க, சட்டுனு இறங்குனாலும் மூளைக்கு ரத்தம் குறையும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வாய் கோணுறது, ஒரு பக்கம் கை கால் வராம போறது, பேச்சு குழறுறது, இதுல எது இருந்தாலும் பிபி எவ்வளவு இருந்தாலும் சரி, உடனே 108. சுகர்காரங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம வெறும் வேர்வையும் மூச்சு வாங்கலுமா கூட ஹார்ட் அட்டாக் வரும், கேஸ்னு நெனச்சு சோடா குடுத்துட்டு உக்காந்துடாதீங்க. பக்கவாதம்னா கடைசியா எப்ப நல்லா இருந்தாங்கன்ற நேரத்த குறிச்சுக்குங்க, அடைப்ப கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், டாக்டர் முதல்ல கேக்குறதே அந்த நேரத்த தான். சாப்புடுற மாத்திர அட்டைங்களையும் கையோட எடுத்துட்டு போங்க.