கொர் கொர் என்றால் எல்லாம் சளி அல்ல: நோயுற்ற கோழியைப் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கோழி காலையில் இறங்கி மேயப் போகாமல், சிறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. கிட்டப் போனால் மூச்சில் கொர் கொர் என்று சத்தம். "சளி பிடிச்சிருக்கு" என்று முடிவு கட்டி, மருந்துக் கடையிலிருந்து ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் பொடியை வாங்கித் தண்ணீரில் கலக்கி வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கோழிக்குச் சளி என்று ஒரே ஒரு நோய் கிடையாது. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, கூட்டின் அம்மோனியா நெடி, வெறும் வெயில் என்று எதுவானாலும் கோழி வாயைத் திறந்துதான் மூச்சு வாங்கும். இதில் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை வளர்த்துவிடும் என்பதுதான் சிக்கல்.

சத்தத்தைக் கேட்காமல் மருந்தைத் தேடுவது

முதலில் வெயிலைக் கழித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நல்ல கோழியும் சிறகை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு வாய் திறந்து மூச்சிரைக்கும். விடியற்காலையில், கோழி ஓய்வாக இருக்கும்போது பாருங்கள். அந்த நேரத்திலும் வாய் திறந்திருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், அது நோய்.

அடுத்தது சத்தம். கொர்கொரப்பு, தும்மல், கண் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். முகம் ஒரு பக்கமாக வீங்கி, மூக்கொழுகலில் துர்நாற்றம் வீசினால் கொரைசா என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறுகிறது, ஆனால் சத்தமே இல்லை, மூக்கும் ஒழுகவில்லை என்றால் நுரையீரலில் பூஞ்சை இருக்கக்கூடும். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் அந்தப் பூஞ்சை, நுரையீரலோடு இணைந்த காற்றுப் பைகளில் படலமாகப் படர்வதால் சளி உருளும் ஓசை பெரும்பாலும் கேட்பதில்லை. சத்தம் இல்லாததால் "லேசாகத்தான் இருக்கிறது" என்று நாள் கடத்துவது பெரிய தவறு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் வலுவிழத்தல் ஆகியவை சேர்ந்தால் வெள்ளைக் கழிச்சல். அது வைரஸ் நோய். வந்தபின் அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காப்பு.

இவை எல்லாம் சந்தேகிக்க உதவும் அடையாளங்கள் மட்டுமே. ஒரே கோழிக்கு இரண்டு நோய் சேர்ந்தும் இருக்கும். உறுதி செய்ய மருத்துவர் பார்க்க வேண்டும். கூட்டுக்குள் கோழி எழுப்பும் சத்தத்தைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்துகொண்டு போனால் அவருக்கு அது பெரிய உதவி. மருத்துவரின் மேசைமேல் வைத்ததும் பயத்தில் பல கோழிகள் அறிகுறியை மறைத்துவிடும்.

ஆன்டிபயாடிக்கைக் கண்ணளவில் கொடுப்பது

அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கிக் கொல்லும் மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. வீட்டில் மிச்சமிருந்த குழந்தை மருந்தைக் கொடுத்துவிட்டு ஐந்து நாள் காத்திருப்பது அதனால்தான் வீண். டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவைதான் அங்கே வேலை செய்யும். டாக்சிசைக்ளினிலும் ஒரு பொறி உண்டு. கிளிஞ்சல் தூள், தயிர், முட்டைக்கோழித் தீவனம் ஆகியவற்றில் உள்ள கால்சியம் அந்த மருந்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். "சூடு தணியட்டும்" என்று மருந்தோடு தயிர்சாதம் வைப்பவர்கள் மருந்தைப் பாதி வீணாக்குகிறார்கள். என்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கும் இது பொருந்தும்.

தண்ணீரில் கலப்பது இன்னொரு தவறு. நல்ல கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய கால் லிட்டர் குடிக்கும். நோயுற்றது சில மிடறுகளோடு நின்றுவிடும். பண்ணையில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குத் தண்ணீர் வழி மருந்து சரி; வீட்டில் படுத்துக் கிடக்கும் ஒரே கோழிக்கு அது போய்ச் சேராது. எடை போட்டு வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும். மருத்துவர் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறார், கையில் இருப்பது 10 சதவீதக் கரைசல், கோழி ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரைசலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வேண்டியது 15 மில்லிகிராம், அதாவது 0.15 மில்லி. 'அரை மூடி' என்று ஊற்றினால் அது பல மடங்கு. ஊசியைக் கழற்றிய 1 மில்லி சிரிஞ்சை மட்டும் பயன்படுத்துங்கள். அந்த நாட்களில் இடும் முட்டையைச் சாப்பிடக் கூடாது. நிறுத்தியபின் எத்தனை நாள் தள்ள வேண்டும் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். பழைய டப்பாவில் கொலிஸ்டின் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதை விற்பதை இந்திய அரசு 2019இல் தடைசெய்துவிட்டது.

மூன்று நாளில் தெம்பு வந்ததும் நிறுத்துவது தவறு. பலன் இல்லாமலேயே பத்து, பதினைந்து நாள் மாற்றி மாற்றிக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் பூஞ்சை நுழைவது அங்கேதான். இரை முதலில் தங்கும் தீனிப்பையில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போக, அதுவரை அடங்கிக் கிடந்த கேண்டிடா என்னும் பூஞ்சை பெருகுகிறது. மூச்சுக்கோளாறு போகவில்லை, இப்போது வாயில் புளித்த வாடையும் சேர்ந்துவிட்டது என்று பலர் வந்து நிற்பது இந்த இடத்தில்.

வாயில் வெள்ளை தெரிந்தால் சுரண்டுவது

கோழி வாயில் வெள்ளையோ மஞ்சளோ படிந்திருந்தால் அது கேண்டிடாவாக இருக்கலாம். அம்மையின் உள்வாய் வடிவமாக இருக்கலாம். ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைவாகவும் இருக்கலாம். அம்மைப் படலத்தை உரித்தால் ரத்தம் கொட்டும், அந்தப் புண்ணில் வேறு கிருமி ஏறும். வாயால் மூச்சுவிட்டு நாக்கு நுனி காய்ந்து செதில் மாதிரி ஆவதும் உண்டு. அதைப் பிய்த்தெடுத்தால் நோய் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. அது நோயின் விளைவு, பிய்த்தால் தீனி எடுப்பதும் நின்றுபோகும்.

தீனிப்பை புளித்தால் தலைகீழாகப் பிடிப்பது

இரவு நிரம்பிய தீனிப்பை விடிகாலையில் காலியாக இருக்க வேண்டும். தீனி வைப்பதற்கு முன் மார்பின் வலப்பக்கம் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பலூன் மாதிரி தளதளவென்று, வாயில் புளித்த மாவு வாடையோடு இருந்தால் கேண்டிடா சந்தேகம். உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் புல்லோ நாரோ அடைத்திருக்கிறது. அது வேறு கதை.

உடனே காலைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து அமுக்கிக் கக்கவைக்கும் முறை ஊர்தோறும் பரவியிருக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் கோழிக்கு இது உயிராபத்து. வரும் நீர் மூச்சுக்குழலுக்குள் போனால் நிமிடங்களில் உயிர் போகும். தப்பினாலும் நுரையீரல் அழற்சி வரும். காலி செய்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவர் குழாய் விட்டு எடுக்கட்டும்.

கேண்டிடாவுக்கு நிஸ்டாட்டின் நல்ல மருந்து. அது குடலில் உறிஞ்சப்படுவதில்லை, தொட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும். ஆகவே தீனிக்கு முன், வெறும் தீனிப்பையில் கொடுக்க வேண்டும். இதே காரணத்தால் நுரையீரல் பூஞ்சைக்கு அது ஒரு துளியும் உதவாது. அங்கே இட்ராகோனசோல் போன்ற, ரத்தத்தில் கலக்கும் மருந்து வாரக்கணக்கில் தேவைப்படும், அப்போதும் பலன் உறுதியில்லை. "பூஞ்சை மருந்துதானே" என்று ஒன்றை மற்றதற்குக் கொடுப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தீனிப்பைப் பூஞ்சைக்குத் தண்ணீரில் கலக்கும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்னால் 2 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், பிளாஸ்டிக் பாத்திரத்தில். உலோகப் பாத்திரத்தை அது அரிக்கும். ஒரு சிட்டிகை என்று கையால் போடுவது விஷம் வைப்பதற்குச் சமம்.

மருந்தை வாய்க்குள் ஊற்றும் விதம்

கோழியின் மூச்சுத்துளை நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால், நட்ட நடுவில் இருக்கிறது. அண்ணாக்கப் பிடித்து நடுவில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குத்தான். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக விட்டு, விழுங்கும்வரை பொறுங்கள். மூச்சிரைக்கும் கோழியின் தொண்டைக்குள் வெங்காய, மஞ்சள் உருண்டைகளைத் திணிக்காதீர்கள்.

பிடிப்பதிலும் தவறு நடக்கிறது. மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சுக்கு உதவும் உதரவிதானம் நம்மைப் போலக் கோழிக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாலோ மல்லாத்தி வைத்தாலோ மூச்சு முட்டும். துண்டால் சிறகை மட்டும் தளர்வாகச் சுற்றி, நிமிர்ந்த நிலையில் மடியில் வையுங்கள்.

படுக்கை, தீவனம், புகை

நுரையீரல் பூஞ்சை பக்கத்துக் கோழியிடமிருந்து ஒட்டுவதில்லை. நனைந்து பூத்த உமி, மரத்தூள், வைக்கோல், பூசணம் பிடித்த தீவனம் இவற்றிலிருந்து வருகிறது. அதே படுக்கையில் வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பதால் பயனில்லை. ஒரு கைப்பிடி உமியை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். பூத்ததைக் காய்ந்தபடி கிளறினால் வித்துகள் பறக்கும். கோழிகளை வெளியேற்றி, லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். கூட்டில் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா ஏற்கெனவே எல்லை மீறிவிட்டது, எந்தச் சளி மருந்தும் அங்கே நிற்காது.

பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கையோ கம்பையோ வெயிலில் உலர்த்தினால் அதில் பூசணம் விட்ட அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். ஐந்து கோழிக்கு இரண்டு வாரத்துக்கு 8 கிலோ போதும்.

கொசுவுக்கென்று கூட்டுக்குள் சாம்பிராணி, கொசுவர்த்தி போடுவதும், மூக்கில் தைலம் தடவுவதும், ஆவி பிடிக்கவைப்பதும் நோயுற்ற மூச்சுக்குழலை மேலும் புண்ணாக்கும். வீட்டுக்குள் எடுத்துவந்தால் சமையலறையில் வைக்காதீர்கள். அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் ஆவி பறவைகளைக் கொல்லும்.

பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, மறு மூலை குளிர்ச்சியாக. எது வேண்டுமோ அங்கே கோழியே நகர்ந்துகொள்ளும். தினமும் காலையில் எடை போட்டு எழுதிவையுங்கள். சிறகு மெலிவை மறைத்துவிடும், தராசு மறைக்காது.

ஒன்று செத்தபின் புதைத்துவிட்டு மறப்பது

ஒரே நாளில் பல கோழிகள் செத்தாலோ கொண்டை நீலம் பாய்ந்து திடீரென விழுந்தாலோ கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மற்ற இறப்புகளிலும், மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற உடற்கூறு ஆய்வுதான் சிறந்த வழி. கையுறை போட்டு, இரட்டைப் பையில் கட்டி, பனிக்கட்டிமேல் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறையவிட்டால் திசு சிதைந்து ஆய்வு கெட்டுவிடும்.

பிழைத்த கோழியிலும் கவனம் வேண்டும். மைக்கோபிளாஸ்மாவிலிருந்து தேறியது பார்க்க நலமாகவே இருக்கும், ஆனால் ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். அதன் முட்டையை அடைவைக்காதீர்கள், அதை யாருக்கும் வளர்க்கக் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் இப்படி ஒன்று இருக்கும்வரை வெளியிலிருந்து புதுக் கோழி வாங்கிச் சேர்ப்பதையும் நிறுத்திவையுங்கள்.