இறுகிப்போன ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிய விதம்

வண்டியின் புகைபோக்கிக் குழாயில் (புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும்) துருப்பிடித்த சென்சார், குளிர்ந்த நிலையில் அசையவே இல்லை. மரையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டு, குழாய் சூடேற இன்ஜினை 5 நிமிடம் ஓட்டி அணைத்தேன். தடித்த கையுறை கட்டாயம்.

எப்படியும் புதுசுதான் போடப்போகிறோம் என்பதால் வயரை வெட்டி, 22 மி.மீ. ரிங் ஸ்பேனரை முழுசாக மாட்டினேன். வயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் பிளந்த சென்சார் சாக்கெட் அழுத்தத்தில் விரிந்து, அறுகோண முனைகளை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு கழற்றும் பக்கம். 'டக்'கென்று விட்டது. கால் சுற்றுக்கு ஒருமுறை எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி எடுத்தேன். ஒரே மூச்சில் சுற்றினால் துருத்தூள் மரையைத் தின்றுவிடும்.

எம்18×1.5 (18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) அளவுள்ள, மரை வெட்டும் 'டேப்' கருவியால் குழாயின் மரையைச் சுத்தம் செய்தேன். புதுசில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசியே வந்தது; இல்லாவிட்டால் மரையில் மட்டும் மெல்லிசாகப் பூசணும். சென்சாரின் நுனியில் பட்டால் சென்சார் காலி.