சாணகத்திலிருந்து உயிர்வாயுவும் சேதனப் பசளையும்: யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரைத்தான். கொட்டிலுக்குப் பின்னால் திறந்தபடி குவிந்து கிடக்கும் சாணகம் மாரிமழையில் கரைந்து அந்த நீரையே சென்றடைகிறது. ஆகவே சாணகத்தைக் காற்றுப் புகாமல் நொதிக்கவிட்டு, அடுப்பெரிக்கும் வாயுவை எடுக்கும் உயிர்வாயுக் கலனை, 2022இல் எரிவாயுக்கு வரிசையில் நின்ற துன்பத்துக்கான மாற்றாக மட்டும் கருதாமல், கிணற்றுக்கான காவலாகவும் கருதி அமைக்க வேண்டும்.

இரண்டு மாடுகளைக் கொட்டிலிலேயே கட்டி வளர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணகம் சேரும். பகலில் மேயவிட்டால் அதிற் பாதிதான் கைக்கு வரும் என்பதால், மாடுகளின் தொகையை நம்பாமல், ஒரு வாரம் அள்ளி நிறுத்துப் பார்த்த பின்பே கலனின் அளவைத் தீர்மானிப்பது நல்லது. ஒரு கிலோ பச்சைச் சாணகம் ஏறத்தாழ 35 முதல் 40 லீற்றர் வாயு தரும். 20 கிலோவில் கிடைப்பதைக் கொண்டு ஓர் அடுப்பை இரண்டு மணி நேரமளவில் எரிக்கலாம். சாணகமும் நீரும் சம அளவில் சேர்ந்தால் நாளுக்கு 40 லீற்றர் கரைசல். அது உள்ளே 50 நாள் தங்குவதற்கு 2000 லீற்றர் இடமும், அதற்கு மேல் வாயு நிற்பதற்குத் தனி இடமும் தேவை.

கலன் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றராவது தள்ளியிருக்கட்டும். குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் செம்மண்ணுக்குக் கீழே விரைவில் கல் தட்டுப்படும் காணிகளில், கல்லை உடைத்து ஆழப்படுத்துவதைவிட, பாதியை நிலத்துக்கு மேல் கட்டிச் சுற்றிலும் மண் அணைப்பதே மேல். உடைத்த கல்லில் விழும் வெடிப்பு கசிவுக்கு வழியாகிவிடும். சீமெந்துப் பூச்சு காய்ந்ததும் நீர் நிரப்பி, மட்டத்தை அடையாளமிட்டு, சில நாட்கள் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால், மேசன் என்ன சமாதானம் சொன்னாலும், மறுபடி பூசாமல் சாணகம் விடக்கூடாது. கழிவு வெளியேறும் தொட்டியையும் பூசியே ஆகவேண்டும். வெறும் மண் கிடங்கில் விட்டால் பட்ட பாடு அத்தனையும் வீண்.

கரைக்கும்போது வைக்கோற் தும்பையும் கல்லையும் கையால் பொறுக்கி எடுங்கள். மிகுந்த உவர்நீர், சவர்க்காரத் தண்ணீர், கொட்டில் கழுவும் கிருமிநாசினி ஆகியவை நுண்ணுயிர்களைக் கெடுக்கும். சோற்றுக் கஞ்சியையும் காய்கறிக் கழிவையும் சிறிதளவு சேர்க்கலாம். முதலில் நிரம்பும் வாயுவிற் காற்று கலந்திருப்பதால் அது வெடிக்கக்கூடும். அதைப் பற்றவைக்காமல், அருகில் நெருப்பில்லாதபோது வெளியேற்றிவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களில் சுவாலை நீலமாக நிலைத்து எரியும். குழாய்ப் பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் எண்ணத்தில், தோட்டக்காரருக்கு வாயுவைவிடப் பெறுமதியானது வெளிவரும் கரைசல். சாணகத்திலிருந்த தழைச்சத்து (நைதரசன்) பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. நாற்றம் குறைவு, ஈயும் அவ்வளவாக மொய்ப்பதில்லை. வெயிலிற் காயவிட்டால் அந்தச் சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். எனவே அதை நீரோடு கலந்து இறைப்பு வாய்க்காலில் விடலாம்; அல்லது வாழைச் சருகு, வெங்காயத் தாள், வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழை ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஊற்றிக் கூட்டெருவாக்கலாம். குவியலின் நடுவே கையை விட்டால் பொறுக்க முடியாத சூடு இருக்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில், மண்வாசனையோடு உதிரும் எரு கிடைக்கும்.

பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் அறுவடை நெருங்கும் நாட்களில் கரைசல் ஊற்றக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்பு நிலத்தில் அதை மிகையாக விடுவதும் தவறு. பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து நைத்திரேற்று என்னும் நீரிற் கரையும் உப்பாகிக் கிணற்றுக்குள் இறங்கும், அந்த நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. மாரியில் வரும் கரைசலைச் சருகோடு சேர்த்து, தறப்பாளால் மூடிய எருக்குவியலில் ஊறவிட்டு, தை பிறந்த பின் தோட்டத்துக்கு எடுங்கள்.