கேசட்டில் இருக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் கணினியில் சேர்ப்பது எப்படி?

பிடித்த பாட்டுகளை ஸ்ட்ரீமிங்கை நம்பி மட்டும் வைத்திருக்காதீர்கள். உரிமம் முடிந்தால் பாட்டு காணாமல் போகும். ஊர் சபைப் பாடகர் குழுக்கள் அந்தக் காலத்தில் பதிவு செய்த கேசட்டுகளோ அங்கே பெரும்பாலும் வராது. அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் டெக்கின் (கேசட் ஓட்டும் கருவி) ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதியைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டாமல் போகும் வரை துடையுங்கள். கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டினால் நாடாவின் இறுக்கம் சீராகும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சிறு பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கித் தேயும். நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளிவரும் துளை) கணினியின் லைன் இன்னுக்கு (ஒலியை உள்வாங்கும் துளை) ஒயர் கொடுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி கரகரக்கும், பெரும்பாலும் ஸ்டீரியோவும் போய்விடும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுத் தரத்தை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என வையுங்கள். கோரஸ் உச்சத்தில் பாடும் இடத்தில் அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக்கூடாது. அளவு மீறிப் பதிவிலேயே வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. 60 நிமிடக் கேசட் சுமார் 600 எம்பி வரும். ஃப்ளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்) சேமித்தால் இடம் பெருமளவு மிச்சம்.

இரைச்சல் நீக்கியை மிதமாகவே பயன்படுத்துங்கள். அதிகமானால் சுருதிப்பெட்டியின் ரீங்காரமே செத்துவிடும்.

பெயரிடும்போது முதலடி, பாடியவர், ஆண்டு. கீர்த்தனை என்றால் ராகமும் தாளமும். ஒரு பிரதியை வேறொரு வட்டில் வையுங்கள்.