ஒரே அலமாரியைச் சுற்றி வருகிறவர்களுக்கு: விதவிதமான கதைப் புத்தகமும் குழந்தைப் பாட்டும் தேடிப் பிடிப்பது எப்படி?

சில வருஷங்களுக்கு முன் ஒரு புத்தகக் காட்சியில் 3,000 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கினேன். கையில் இருந்தது, ‘கட்டாயம் படிக்க வேண்டிய 100’ என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியல். பையின் கைப்பிடி பஸ் ஸ்டாண்டிலேயே அறுந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்த எட்டுப் புத்தகங்களில் ஐந்துக்கு இன்னும் கண்ணாடித்தாள் பிரிக்கவில்லை. பட்டியலில் குற்றமில்லை. அதைப் போட்டவர் பல வருஷம் படித்து அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். நான் முதல் நாளே அங்கே போய் இறங்கப் பார்த்தேன்.

அதன் பிறகு தட்டுத் தடுமாறிப் பிடித்துக்கொண்ட வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பள்ளிப் பாடத்தோடு தமிழ் வாசிப்பை விட்டவர்கள், ஒரே ரக நாவலை வருஷக் கணக்காகப் படிப்பவர்கள், பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் கடையில் நிற்பவர்கள், மூன்று பேருக்கும் இது உதவும்.

படி 1: கடைசியாக முடித்த ஐந்தை எழுதுங்கள்

முடித்த புத்தகம் மட்டும்தான் கணக்கு, வாங்கியது சேராது. ஐந்து தேறாவிட்டால் விடாமல் பார்த்த ஒரு சீரியலையோ திரும்பத் திரும்பப் பார்த்த படத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, என்னை இழுத்தது எது என்று ஒரே வார்த்தை. ஊரா, பேச்சா, ‘யார் செய்தது’ என்ற கேள்வியா, அழுகையா, சிரிப்பா?

என் ஐந்தில் நான்கு பாக்கெட் நாவல், நான்கும் துப்பறியும் கதை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் அந்த ரகத்துக்குத் தமிழில் நூறு வருஷத்துக்கு மேல் வேர் இருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் போட்ட பாதை அது. அதில்தான் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள், ஆயிரத்து ஐந்நூறு நாவலைத் தாண்டிய ராஜேஷ்குமார் வந்தார். தொடங்கிய இடத்தை மறைக்க வேண்டியதில்லை, அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும்.

படி 2: ஒரு நேரத்தில் ஒரு எட்டு

பழகிய ரகத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எழுத்தாளரை வைத்துக்கொண்டு ரகத்தை மாற்றலாம், ரகத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளரை மாற்றலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பத்தாம் பக்கத்தில் தூக்கம் வரும்.

துப்பறியும் கதைக்காரர் என்றால் கணேஷ்–வசந்த் வழியாக சுஜாதாவைப் பிடித்து, அவரிடமே அறிவியல் புனைகதைக்குப் போகலாம். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் உண்டு. அதோடு பழகிவிட்டால் ‘அறிவியல் கதை நமக்கு வேண்டாம்’ என்ற பயம் போய்விடும்.

சரித்திரக் கதை பிடித்தவர்கள் பெரும்பாலும் ‘பொன்னியின் செல்வன்’ வாசலில் நிற்பார்கள். ஐந்து பாகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் அது. அதனால்தான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கடைசி வரியில் ஒரு கொக்கி இருக்கும். அதை அப்படியே படியுங்கள்: ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். முடித்ததும் எல்லோரும் இன்னொரு ராஜா ராணிக் கதைக்குத்தான் ஓடுவார்கள். நான் சொல்வது கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. சின்னப் புத்தகம். ஆந்திரத்திலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதை. அரண்மனை இல்லாமலும் சரித்திரம் உண்டு என்று தெரிந்த பிறகு, மதுரையைச் சுற்றி வரும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கமாக இருந்தாலும் மிரட்டாது. பொன்னியின் செல்வனிலிருந்து நேரே அதற்குத் தாவிய ஒருவர் பாதியில் நிற்கிறார். வேறு யாருமில்லை, நான்தான்.

குடும்பக் கதை என்றால் ரமணிசந்திரனிலிருந்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, குடத்தோடு அலையும் ஒரு பெண். அவ்வளவு சின்ன நாவல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஊர்ப்பேச்சு பிடிக்கும் என்றால் குமரிக் கடலோர முஸ்லிம் வாழ்க்கையை எழுதிய தோப்பில் முஹம்மது மீரான். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ தன் வரலாறு என்றாலும் நாவல் போல ஓடும், பேச்சுமொழியிலேயே எழுதியது. படம் இருந்தால்தான் படிப்பேன் என்கிறவர்களுக்கு சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் (1972 முதல்), லயன் காமிக்ஸ் (1984 முதல்). இரும்புக்கை மாயாவியில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 3: நூலகத்துக்குப் போங்கள், ஆனால் அலமாரிக்கு முன் மேசை

சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தக் காசு கிளை நூலகத்தில் நமக்காகக் காத்திருக்கிறது. உறுப்பினர் அட்டை வாங்குவது பெரிய வேலையே இல்லை.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது, திரும்பி வந்த புத்தகங்கள் குவிந்து கிடக்கும் மேசை. உங்கள் தெருக்காரர்கள் நிஜமாகவே படிப்பது எது என்று அங்கே தெரியும். ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். தேதிச் சீட்டு ஒட்டியிருந்தால் அதில் முத்திரைகள் வரிசையாக இருக்கும். மாசத்துக்கு ஒன்று விழுந்திருந்தால் அந்தப் புத்தகம் கையில் நிற்கிற ரகம். நான்கைந்து முத்திரை விழுந்து, பிறகு பல வருஷம் வெறுமையாகக் கிடக்கிற புத்தகத்துக்கும் ஐந்து நிமிஷம் கொடுங்கள். நல்ல புத்தகத்தை ஊர் மறந்துபோவதும் உண்டு.

பிறகு அலமாரி. புத்தகங்களை எண் போட்டு வகை பிரிக்கும் ட்யூயி முறையில் அடுக்கும் நூலகம் என்றால் புத்தக முதுகில் 894.811 என்று தொடங்கும் எண் இருக்கும். அது தமிழ் இலக்கியம். அடுத்த இலக்கம் 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 கதை. 894.8113 எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி நூலகம் கைக்கு வந்த மாதிரி. அந்த வரிசையில் துப்பறியும் கதை தனி, சமூகக் கதை தனி என்று பிரிப்பது அபூர்வம். எழுத்தாளர் பெயரை ஒட்டித்தான் நிற்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், நமக்கு அதுதான் லாபம். தேடி வந்த புத்தகத்துக்குப் பக்கத்தில் தேடாத ஒன்று நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துப் புத்தகத்தையும் சேர்த்து எடுப்பது என் வழக்கம்.

நூலகரிடம் ‘நல்ல புத்தகம் இருக்கா சார்’ என்று கேட்காதீர்கள். ‘கோபல்ல கிராமம் பிடிச்சிருந்தது, அந்த மாதிரி ஊர்க் கதை வேற யார் எழுதியிருக்காங்க’ என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்று 1931இலேயே விதி எழுதி வைத்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர்தான்.

படி 4: பத்து நிமிஷச் சோதனை

முதல் பக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கம், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு இடம். மூன்றையும் படியுங்கள். கடைசிப் பக்கம் வேண்டாம். வட்டார வழக்கு கடினமாக இருந்தால் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழி எது, மொழிபெயர்த்தவர் யார் என்ற இரண்டும் உள்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்த்தவர் பெயரையே போடாத பதிப்பை நான் கீழே வைத்துவிடுவேன். பழைய நாவல் மலிவாகக் கிடைத்தால் எங்காவது சின்ன எழுத்தில் ‘சுருக்கப் பதிப்பு’ என்றிருக்கும், கவனம்.

நாற்பது பக்கம் வரை பிடிக்கவில்லையா, மூடிவிடுங்கள். சாப்பாட்டை மிச்சம் வைப்பது போன்ற பாவம் இதில் இல்லை.

படி 5: சந்தேகமா, சிறுகதை எடுங்கள்

ஒரு எழுத்தாளர் நமக்கு ஒத்துவருவாரா என்று பார்க்கச் சிறுகதையை விட மலிவான வழி கிடையாது. இருபது நிமிஷம் போதும். புதுமைப்பித்தன் என்றாலே இருட்டு என்று நினைப்பவர்கள் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படிக்கட்டும். சென்னைக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காப்பி கிளப்புக்குக் கூட்டிப்போகிற கதை அது.

இதற்குக் காசும் வேண்டாம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிகிறது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனும் 1954இல் மறைந்த கல்கியும் அதில் வந்துவிட்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈழத்து எழுத்துக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளம். யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா சலூனில் வேலை பார்த்தபடி எழுதி, ‘மல்லிகை’ இதழைப் பல ஆண்டு நடத்தியவர். அந்தப் பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியாத பெயர்களாகக் கொட்டும்.

படி 6: குழந்தைப் பாட்டைக் கண்ணால் தேடாதீர்கள்

அக்கா மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது வழவழ தாளில், பெரிய படங்களோடு ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கிப் போனேன். ‘நாளும் பல் துலக்க வேண்டும், நல்ல பிள்ளை ஆக வேண்டும்’ என்கிற தினுசு. மூன்றாவது வரியில் எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி, நினைவிலிருந்து, அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டைச் சொன்னேன். தட்டில் எட்டு லட்டு, கிட்டுவுக்குப் பாதி, பட்டுவுக்குப் பாதி, கடைசியில் காலித் தட்டு. முதல் தடவை சும்மா கேட்டாள். இரண்டாம் தடவை விரலை மடக்கினாள். மூன்றாம் தடவை நான் ‘தட்டு’ என்றதும் அவள் ‘லட்டு’ என்றாள்.

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? வரிக்கு வரி முடிவில் ‘ட்டு’. பெயர்கள்கூட அதற்காகவே கிட்டு, பட்டு. உள்ளே ஒரு வகுத்தல் கணக்கு ஒளிந்திருக்கிறது, ஆனால் கணக்கு என்ற சொல்லே கிடையாது. எழுதியவர் வங்கியில் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இதை வைத்து நான் செய்யும் சோதனை: கடையிலேயே மெதுவாக வாய்விட்டு, தொடையில் தாளம் தட்டியபடி நான்கு வரி படிப்பேன். தாளம் இடறினால் வேண்டாம். ஒரு வரி சொன்னால் அடுத்த வரியின் கடைசிச் சொல்லைப் பிள்ளை ஊகிக்க முடியுமா என்று பார்ப்பேன். பாட்டு முடிகிற இடத்தில் புத்திமதி வந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுவேன்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பசுவைப் பாருங்கள்:

தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே
துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி

முதல் வரி பசு மேய்வது போல நிதானமாகப் போகும். ‘அங்கே’ என்று ஒரு நொடி நிறுத்தினால் அடுத்த வரி கன்றோடு சேர்ந்து துள்ளும். அந்த நிறுத்தத்தில் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள்.

கவிமணி பிறந்தது 1876. இரண்டு வருஷம் கழித்து யாழ்ப்பாணத்து நவாலியில் சோமசுந்தரப் புலவர் பிறந்தார். அவருடைய பாட்டு:

ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை
ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே
கூடிப் பனங்கட்டிக் கூழும் குடிக்கலாம்
கொழுக்கட்டை தின்னலாம் தோழர்களே

இதை நம் ஊர்ப் பிள்ளையிடம் படித்தால் இரண்டு இடத்தில் நிறுத்துவாள். ‘விடுதலை’ என்றால் யார் ஜெயிலில் இருந்தார்கள்? யாருமில்லை, அங்கே பள்ளிக்கூட லீவுக்கு அதுதான் பெயர். பனங்கட்டி? நம் கருப்பட்டி. ஆடி–கூடி என்று எதுகை இழுத்துப் போவதால் புரியாத சொல் வந்தாலும் பாட்டு நிற்காது. நாங்கள் அந்த ஆடி முதல் தேதி கூழ் காய்ச்சினோம். கட்டி கட்டியாக வந்தது, இருந்தாலும் குடித்தோம்.

அச்சில் இல்லாததையும் விட்டுவிடாதீர்கள். கை வீசம்மா, சாய்ந்தாடம்மா, நிலா நிலா ஓடி வா எல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அம்மாச்சி சொல்கிற வடிவத்தைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பாட்டிலிருந்து கதைக்கு

பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கினால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை போட்டு இலவசமாக இருக்கின்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு, சாகித்ய அகாடமி 2010 முதல் தரும் பால சாகித்ய புரஸ்கார் பட்டியலைப் பாருங்கள். 2020இல் யெஸ். பாலபாரதி, 2023இல் உதயசங்கர், 2024இல் யூமா வாசுகி. பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நல்ல தொடுகை, கெட்ட தொடுகை பற்றிய கதை. முதலில் நீங்கள் படித்துவிட்டுப் பிறகு சேர்ந்து படியுங்கள். மலையாளத்துச் சிறுவர் கதைகளுக்கு யூமா வாசுகியின் மொழிபெயர்ப்புகள் நல்ல வழி.

படி 8: ஒரு நாற்பது பக்க நோட்டு

தேதி, புத்தகம், எங்கே கிடைத்தது, இழுத்தது எது, விட்டது எந்தப் பக்கத்தில். இவ்வளவு போதும், விமர்சனம் எழுத உட்காராதீர்கள். என் நோட்டில் கடைசியாக இருப்பது இது: ‘தண்ணீர். கிளை நூலகம், மேசையிலிருந்து. இழுத்தது: குடம். முடித்தேன். பக்கத்துப் புத்தகம்: பெயர் தெரியாத ஒருவரின் பேய்க் கதைகள், பக்கம் 22இல் விட்டேன்.’ அதற்குக் கீழே அக்கா மகள் பென்சிலால் எட்டு வட்டம் போட்டு, நான்கை அடித்து வைத்திருக்கிறாள்.